கோபக்காரருக்குத்தான் இரண்டாவது அட்டாக் வருமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களைப் பிரித்து அடுக்கினால், இந்த மாதம் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஒரு தடவை ஹார்ட் அட்டாக் வந்துவிட்டது, இன்னொன்று வருமா, வந்தால் யார் மேல் பழி? சுகர், மூட்டு வலி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி (தேவகோட்டை): எங்கள் வீட்டில் அவர்களுக்கு 54 வயது. போன ஆவணியில் அட்டாக் வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தோம். ஆள் பிறவியிலேயே முன்கோபி. பந்தியில் சாம்பார் வர இரண்டு நிமிடம் ஆனால்கூட இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்தக் கோபமே இரண்டாவது அட்டாக்கைக் கொண்டுவந்துவிடும் என்று நாத்தனார் முதல் பால்காரர் வரை சொல்கிறார்கள். பயந்துகொண்டு நாங்கள் யாரும் வாயே திறப்பதில்லை. மற்றபடி சிகரெட்டைக்கூட ஒரு நாளைக்கு நான்காகக் குறைத்துவிட்டார்கள். கோபம் குறைய மாத்திரை இருக்கிறதா?

பதில்: ஆச்சி, நீங்கள் எழுதியது மூன்று பக்கம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். மூன்று பக்கத்தையும் கோபத்துக்குக் கொடுத்துவிட்டு சிகரெட்டுக்கு அரை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், அதையும் ஏதோ சாதனை மாதிரி! கோபத்துக்கு வருகிறேன், அதற்கு முன்னால் அந்த நான்கு சிகரெட். 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிற ஆணுக்குக்கூட, 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது என்று கணக்குக் காட்டியது. எண்ணிக்கையைக் குறைத்த அளவுக்கு ஆபத்தும் குறையும் என்ற பேரம் இதயத்திடம் செல்லாது, ஏனென்றால் ரத்தத்தின் உறையும் தன்மை கொஞ்சம் புகைக்கே கூடிவிடுகிறது. அட்டாக்குக்குப் பிறகு முழுசாக விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட மரண ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நான் எழுதிக் கொடுக்கிற எந்தத் தனி மாத்திரையும் இவ்வளவு செய்யும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இப்போது கோபம். 1950களில் சான்பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்று இரண்டு இதய மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்கள் கிளினிக்கில் நாற்காலி மெத்தையைச் சரிசெய்ய வந்தவர், எல்லா நாற்காலியும் முன் விளிம்பில் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாராம். நோயாளிகள் எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக நுனியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவசரம், போட்டி, எரிச்சல் மூன்றும் சேர்ந்த இந்தச் சுபாவத்துக்கு 'டைப் ஏ' என்று பெயர் வைத்து, 3,000-க்கு மேற்பட்ட ஆண்களை எட்டரை வருடம் தொடர்ந்து பார்த்ததில், டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அங்கே கிளம்பிய பேச்சுதான் நடந்து நடந்து உங்கள் பால்காரர் வரைக்கும் வந்திருக்கிறது.

அதற்கு அப்புறம் நடந்தது அவர் காதுக்கு வரவில்லை. பின்னால் செய்த பல ஆய்வுகளில் அந்த இரண்டு மடங்கு கிடைக்கவில்லை. 1988-ல் அதே ஆண்களில் ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, டைப் ஏ ஆட்களில் இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு! பிறகு சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளியே வந்ததில், இந்த டைப் ஏ ஆராய்ச்சிக்கு அவர்கள் வருடக்கணக்கில் பணம் கொடுத்திருந்தது தெரிந்தது. குற்றம் குணத்தின் மேல் விழுந்தால் சிகரெட் தப்பித்துவிடும் இல்லையா? உங்கள் வீட்டிலும் இப்போது அதேதான் நடக்கிறது, கம்பெனிக்காரன் ஒரு பைசா செலவழிக்காமல்.

அதற்காகக் கோபத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. வேகமாக வேலை பார்ப்பது, சாம்பாருக்கு அவசரப்படுவது இதெல்லாம் பெரிய பாவமில்லை. சலித்துச் சலித்துப் பார்த்ததில் கடைசியில் மிஞ்சியது பகைமைக் குணம்தான், அதாவது எதிரில் நிற்பவன் ஏமாற்றுகிறான், என்னை மதிக்கவில்லை என்று எந்நேரமும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருப்பது. 1995-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அட்டாக் வந்த 1,600-க்கு மேற்பட்டவர்களிடம் பேசியிருக்கிறார்கள். பலமாகக் கோபப்பட்ட அடுத்த இரண்டு மணி நேரத்தில் அட்டாக் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஆனால் வழக்கமாக ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தவர்களுக்கு அந்த ஏற்றம் மற்றவர்களுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. அதனால்தான் கோபக்காரர் மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

குணத்தை மாற்ற முடியுமா என்று கேட்டால், கொஞ்சம் முடியும். ஃப்ரீட்மனே பிறகு, ஒரு தடவை அட்டாக் வந்த 800-க்கு மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும், இன்னொரு பகுதியினருக்கு அதோடு சுபாவப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார். நான்கரை வருடத்தில் முதல் பகுதியில் 100-க்கு 21 பேருக்குத் திரும்ப வந்தது, இரண்டாவதில் 13 பேருக்கு. பயிற்சி என்றால் பெரிய யோகமில்லை. வேண்டுமென்றே நீளமான வரிசையில் நிற்பது, மெதுவாகச் சாப்பிடுவது, அடுத்தவர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்பது, இந்த மாதிரி. சங்கடஹர சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டியில் பொது வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், பயிற்சியும் ஆச்சு, தரிசனமும் ஆச்சு.

கோபத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் ஒன்று அநேகமாக இருக்கும், கோபம் வரும்போது இதயம் தறிகெட்டு ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும், ஆனால் குணத்தை அது தொடாது. இன்னொன்று, ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறார்களா என்று கவனியுங்கள். அப்படியானால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கம் கெட்ட மனுஷனுக்கு எரிச்சலும் ஏறும், பிபியும் ஏறும். அப்புறம், பயந்து பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பதை இன்றோடு விடுங்கள். சிகரெட்டைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டிய ஆள் நீங்கள்தான். விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800 112 356 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

54 சின்ன வயதாயிற்றே என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், நம் துணைக்கண்டத்து மக்களுக்கு முதல் அட்டாக்கின் இடைநிலை வயதே (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் வந்துவிட்டது) 53. மற்ற நாட்டினருக்கு 59-ஐ ஒட்டி. நமக்கு எல்லாமே ஆறு வருடம் முன்னதாக வருகிறது.

கேள்வி (புதுவயல்): அரிசி மில்லில் சூப்பர்வைசர், வயது 49. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறது, வலி எதுவும் இல்லை. நாலைந்து மாத்திரை, வயிற்றெரிச்சல் வேறு. கூட வேலை பார்க்கும் அண்ணன் தனக்கு வைத்த மூன்றாவது மாதமே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாகவும் ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்கிறார். நானும் நிறுத்தலாமா? முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறேன், அது பரவாயில்லையா?

பதில்: இரண்டுக்குமே பதில், 'கூடாது' என்பதுதான். அந்த அண்ணன் பிழைத்திருக்கிறார் என்பது அவர் அதிர்ஷ்டம், அதை வைத்து நீங்கள் சீட்டு ஆடாதீர்கள்.

மில் பைப்பில் அடைப்பை எடுத்துவிட்ட மாதிரி வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் உலோக வலை. அதன் மேல் உடம்பின் சொந்தச் சவ்வு வளர்ந்து மூடுகிற வரைக்கும், ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள், அதைத் தொட்ட இடத்தில் உறைந்துகொள்ளவே பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் (சிலருக்கு டிகாக்ரலார்) ஜோடியாக, அட்டாக்குக்குப் பிறகு வழக்கமாக ஒரு வருடம். பாதியில் விட்டால் ஸ்டென்ட்டே ஒரேயடியாக அடைத்துக்கொள்ளலாம், அப்படி அடைத்தால் வருவது லேசான அட்டாக் இல்லை. வருடம் முடிந்ததும் ஒன்றை டாக்டர் நிறுத்துவார், மற்றது தொடரும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் நிரந்தரம்தான், ஏனென்றால் ஸ்டென்ட் வைத்தது ஒரு இடத்தில், கொழுப்புப் படிந்திருப்பதோ மூன்று குழாயிலும். உங்கள் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 70-க்குக் கீழே வந்திருக்கிறதா என்று கேளுங்கள். 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்கிற வழிகாட்டுதல்களும் உண்டு.

என்னைப் பார்க்க வருகிறவர்களை மாத்திரைப் பையோடு வரச் சொல்வேன். மஞ்சள் பையை மேஜையில் கவிழ்த்தால் கதை தானாக வெளியே வந்துவிடும். சுகர் மாத்திரை அட்டை காலி, வாயு மாத்திரை அட்டை காலி, குளோபிடோக்ரெல் அட்டையில் மட்டும் நாலு ஓட்டை, மீதியெல்லாம் பளபளவென்று அப்படியே இருக்கும். "ஒழுங்கா சாப்பிடுறேன் சார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், அட்டை வேறொன்று சொல்லும். இதில் குணமும் விளையாடுகிறது. அவசரக்காரர் மறப்பார், தன்னம்பிக்கைக்காரர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நிறுத்துவார், சோர்ந்து போனவர் எதற்கு என்று விடுவார். மூவருக்கும் குணம் வேறு, ஆனால் ரத்தக் குழாயில் நடக்கப்போவது ஒன்றுதான்.

வயிற்றெரிச்சலுக்கு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், கூடவே பான்டோபிரசோல் மாதிரி ஒன்றை டாக்டரிடம் கேளுங்கள். கடையில் நீங்களாக ஓமிபிரசோல் வாங்க வேண்டாம், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் கெடுக்கும். முட்டி வலிக்கு நீங்கள் வாங்குவது டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் வகையாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். அட்டாக் வந்தவருக்கு அவை இன்னொரு அட்டாக்கின் ஆபத்தைக் கூட்டும், ரத்தக் கசிவையும் கூட்டும், இபுபுரூஃபென் ஆஸ்பிரினையும் மட்டுப்படுத்தும். பாராசிட்டமால் போதும், மேலே தடவும் மருந்து போதும். பல் பிடுங்கப் போனாலும் பல் டாக்டரிடம் ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

செலவுதான் காரணம் என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரைகள் இலவசம், முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விலை நன்றாகவே குறைவு.

கேள்வி (சென்னையிலிருந்து, சொந்த ஊர் கானாடுகாத்தான்): அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 68 வயது. ஆறு மாதத்துக்கு முன் அட்டாக். ஆத்தா போய் மூன்று வருடம் ஆகிறது, அண்ணன் சிங்கப்பூரில், நான் சென்னையில். அவ்வளவு பெரிய வீட்டில் அப்பச்சியும் சமைத்துப் போடும் அம்மாவும் மட்டும்தான். முன்பெல்லாம் ஊர்க் கணக்கு, கோயில் கணக்கு என்று ஓயாமல் பேசுவார்கள். இப்போது போனில் "ம், ம்" மட்டும்தான். விடிகாலையில் எழுந்து முகப்பில் உட்கார்ந்தால் பேப்பர்கூடப் பிரிக்காமல் அப்படியே இருப்பதாகச் சமையல் அம்மா சொல்கிறார்கள். வயசானால் அப்படித்தான் என்கிறார் உறவினர் ஒருவர்.

பதில்: வயசானால் அப்படி ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் கடிதத்து முன்கோபியைவிட உங்கள் அப்பச்சியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சத்தம் போடுகிறவரை நாலு பேர் கவனிப்பார்கள், சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவரை 'எவ்வளவு அமைதியாக ஆகிவிட்டார், பக்குவம் வந்துவிட்டது' என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அட்டாக்குக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் அட்டாக் வந்த 222 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். இன்றைக்கு அமெரிக்க இதயச் சங்கம் இதை, அட்டாக் வந்தவரின் எதிர்காலத்தைப் பாதிக்கும் காரணிகளில் ஒன்றாகவே சேர்க்கச் சொல்கிறது.

எப்படிக் கொல்கிறது? கொஞ்சம் உடம்பு வழியாக, இதயத் துடிப்பின் தாளம் மாறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. நிறைய நடத்தை வழியாக. சோர்ந்தவர் நடக்கப் போக மாட்டார், சாப்பாட்டில் அக்கறை இருக்காது, மாத்திரை டப்பாவைத் திறக்க மாட்டார், நெஞ்சு வலித்தால்கூட யாரிடமும் சொல்ல மாட்டார். இந்தக் கடைசியைப் பற்றி நெதர்லாந்தில் யோஹான் டெனோலெட் என்ற உளவியலாளர் நிறைய எழுதியிருக்கிறார். எப்போதும் கவலையும் இருக்கும், அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள், இந்த இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 'டைப் டி' என்று பெயர் வைத்தார். 1996-ல் அவர் வெளியிட்ட 303 இதய நோயாளிகளின் கணக்கில் டைப் டி ஆட்களில் 100-க்கு 27 பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 7 பேர். பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாய்விட்டுச் சொல்லாதவர் என்ற விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை உண்டு. செர்ட்ராலின் என்ற மாத்திரை அட்டாக் வந்தவர்களுக்குப் பாதுகாப்பானது என்று 2002-லேயே காட்டிவிட்டார்கள். கொரியாவில் 300 பேருக்கு எஸ்சிடலோபிராம் கொடுத்துச் செய்த ஆய்வு 2018-ல் வந்தது, அதில் எட்டு வருடக் கணக்கில் இதயப் பாதிப்புகளும் குறைந்திருந்தன. நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2,481 பேருக்கு நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் மனநல ஆலோசனை சோர்வைக் குறைத்ததே தவிர இரண்டாவது அட்டாக்கைக் குறைக்கவில்லை. குறைக்காவிட்டால் என்ன, மனுஷன் பேப்பரைப் பிரித்துப் படித்தால் அதுவே எனக்குப் போதும், அதற்காகவே சிகிச்சை கொடுப்பேன். இதய டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், ஐந்து நிமிட ஓபியில் அவர் தானாகக் கேட்க மாட்டார். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே ஊருக்குக் கிளம்புங்கள்.

அப்புறம் நம் ஊர்களின் சங்கதி. இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகிற வீடு, உள்ளே ஒரு ஆள். பின்கட்டில் விழுந்தால் முகப்பில் இருப்பவருக்குக் கேட்காது. படுக்கையை முகப்புப் பக்கம் கொண்டுவாருங்கள். சமையல் அம்மா கையில் போன் இருக்கட்டும், ஒவ்வொரு வேளையும் மாத்திரையை அவர்கள் கண் முன்னாலேயே போடட்டும். போனில் "மாத்திரை சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டால் "ம்" தான் வரும். "போன வருஷம் கோயில் கணக்குல அந்த எண்ணெய்ச் செலவு எவ்வளவு வந்துச்சு அப்பச்சி" என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு தெரிந்தவருக்குக் கணக்குக் கேட்டால் வாய் திறக்கும்.

கேள்வி (பள்ளத்தூர்): வீட்டுக்காரருக்கு அட்டாக் வந்ததிலிருந்து உப்புச் சப்பில்லாமல் ஓட்ஸ் கஞ்சி ஊற்றுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். வருகிற தையில் அவர் தம்பிக்கு அறுபதாம் சாந்தி. பலகாரம் தொடவே கூடாதா? மிளகாய்க் காரம் இதயத்துக்கு ஆகாதாமே?

பதில்: காரம் இதயத்தை ஒன்றும் செய்யாது ஆச்சி, வயிறு தாங்கினால் சரி. ஓட்ஸை அவருக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கேழ்வரகும் கம்பும் இருக்கும்போது அதற்கு என்ன அவசியம்?

பிரான்சில் லியோன் நகரில் ஒரு தடவை அட்டாக் வந்த 605 பேரை வைத்து ஒரு சாப்பாட்டு ஆய்வு நடந்தது. காய், கீரை, பழம், தானியம், மீன் கூடுதலாக, ஆட்டுக்கறி மாட்டுக்கறி குறைவாக, வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த, ரொட்டியில் தடவும் மார்ஜரின். இப்படிச் சாப்பிட்டவர்களுக்குத் திரும்ப அட்டாக் வருவது பாதிக்குமேல் குறைந்தது. நமக்கு இது புதுசா என்ன? தொண்டிப் பக்கத்திலிருந்து வருகிற மீனைக் குழம்பாக வையுங்கள், வறுக்க வேண்டாம். சுண்டல், பாசிப்பயறு, கீரை மண்டி, கைப்பிடி நிலக்கடலை. ஆட்டுக்கறி என்றைக்காவது, கொழுப்பை நீக்கி. உப்புக்கறியைப் பெயருக்கேற்ற மாதிரியே செய்கிற வீடுகள் உண்டு, அங்கே போனால் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் சமையலின் நிஜ வில்லன் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். குழம்பில் போடுவதை அளந்துவிட்டு ஊறுகாய், வத்தல், அப்பளம், மோர் மிளகாயைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அந்த அளவு அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது, சுட்ட எண்ணெய். பலகாரம் சுட்ட எண்ணெயை ஊற்றி வைத்து மறுநாள் தாளிக்க, அதற்கு மறுநாள் பொரிக்க என்று ஓட்டாதீர்கள்.

சாந்தி வீட்டுக்குத் தாராளமாகப் போகட்டும். வெள்ளைப் பணியாரம் ஒன்று, கவுனி அரிசி இரண்டு ஸ்பூன், கந்தரப்பம் ஒரு விள்ளல். கவுனியில் நார்ச்சத்து இருக்கிறது என்று இணையத்தில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள், அதன் மேல் கொட்டுகிற சர்க்கரையையும் நெய்யையும் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு நாள் பந்தியால் யாருக்கும் குழாய் அடைப்பதில்லை. பிறகு ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு வந்து சேருகிற தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடைச் சம்படங்கள்தான் சிக்கல். அவற்றை வந்த அன்றே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (கோட்டையூர்): 57 வயது. 20 வருடமாகத் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. மார்ச்சில் அட்டாக், ஸ்டென்ட். இந்தத் தையில் நடக்கலாமா? நடை இதயத்துக்கு நல்லது என்று நீங்களேதான் எழுதினீர்கள்.

பதில்: எழுதினேன், ஆனால் நான் எழுதியது தினமும் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். குன்றக்குடியில் கிளம்பி நாள் கணக்கில் வெறுங்காலோடு, சரியான தூக்கமில்லாமல், கூட்டத்தின் வேகத்துக்கு நடப்பது வேறு விஷயம்.

இன்றே தினசரி நடையை ஆரம்பியுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும், அதுதான் சரியான வேகம். பயிற்சியோடு கூடிய இதய மறுவாழ்வுச் சிகிச்சை, இதயத்தால் வரும் மரணத்தைச் சுமார் கால் பங்கு குறைக்கிறது, ஆனால் நம் ஊர்களில் ஸ்டென்ட் வைத்து அனுப்புகிற வேகத்துக்கு இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. மார்கழியில் எக்கோவும் டிரெட்மில் டெஸ்ட்டும் பாருங்கள். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் நன்றாக இருந்து, டெஸ்ட்டிலும் கோளாறு இல்லை என்றால், உங்கள் டாக்டர் சம்மதித்தால், இந்த வருடம் ஒரு பகுதி தூரம் மட்டும். வெயிலுக்கு முன் நடந்து, மீதிக்கு வண்டி. சுகர் இருந்தால் வெறுங்கால் வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தண்ணீர் விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையும் டிஸ்சார்ஜ் தாளின் நகலும் சாமான் வண்டியில் போகக் கூடாது, தோள் பையில் உங்களோடு வர வேண்டும். கூட நடப்பவர் ஒருவருக்காவது உங்களுக்கு ஸ்டென்ட் இருப்பது தெரிந்திருக்கட்டும். 20 வருடப் பெருமையில் இதை மறைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், முருகனுக்குத் தெரிந்தால் போதும் என்பார்கள். பக்கத்தில் நடப்பவருக்கும் தெரிய வேண்டும்.

கேள்வி (காரைக்குடி, ஊர் மட்டும் போடவும்): 51 வயது. அட்டாக்குக்குப் பிறகு தாம்பத்தியம் கூடாது என்று மனைவி பயப்படுகிறாள். யாரிடம் கேட்பது?

பதில்: கேட்டது நல்லது, இந்தப் பயத்தாலேயே பல வீடுகளில் இருவருமே வாடிப்போகிறார்கள். சிக்கல் இல்லாத அட்டாக்காக இருந்து, சில வாரங்கள் கழிந்து, நெஞ்சு வலியும் மூச்சு வாங்கலும் இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் தடையில்லை. ஒரே எச்சரிக்கை, வயாக்ரா வகை மாத்திரையும் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையும் சேரவே கூடாது, பிபி அபாயகரமாக இறங்கிவிடும். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி (கல்லல்): தினமும் ஒரு பெக் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: சொல்கிறவர் யார் என்று பாருங்கள், கையில் கிளாஸ் இருக்கும். மருந்தாக எழுதிக் கொடுக்க நான் தயாரில்லை.

கேள்வி (ஆத்தங்குடி): எனக்கு 58 வயது, 12 வருடமாகச் சுகர். போன வருடம் தாடையும் முதுகும் இழுத்துப் பிடித்து, வேர்த்துக் கொட்டியது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, பேரன் பள்ளியிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து, இருட்டின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டாக் என்றார்கள். இன்னொன்று வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: ஆம்பளைகளுக்கு வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் அட்டாக் என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. பெண்களுக்கும், நாள்பட்ட சுகர்க்காரர்களுக்கும் வலியே இல்லாமல்கூட வரும். தாடை, தோள், முதுகு இழுப்பது, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், நாலு எட்டு வைப்பதற்குள் தாங்க முடியாத அசதி. உங்களுக்கு முதல் தடவை வந்த மாதிரியே மறுபடி வந்தால் அதை வாயு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ஈசிஜி எடுத்த பிறகு டாக்டர் சொல்லட்டும்.

நீங்கள் காத்திருந்ததும் ஒரு குணம்தான் அம்மா. 'எனக்காக யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்கிற குணம். எந்த ஆய்வும் இதற்கு எழுத்து வைத்துப் பெயர் சூட்டவில்லை, ஆனால் நம் வீட்டுப் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 12 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் மிக அதிகம். பேரன் வருகிற வரைக்கும் காத்திருந்ததில் போன தசை திரும்ப வராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உட்காருங்கள், நடக்காதீர்கள். டாக்டர் சார்பிட்ரேட் கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடியே ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லையென்றால் 108. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகிற வேலை வேண்டாம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டி பிடித்துப் போகலாம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் முதல் தவணையை அங்கேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். போன தடவை எடுத்த ஈசிஜியையும் டிஸ்சார்ஜ் தாளையும் மாத்திரைச் சீட்டையும் ஒரே கவரில் போட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் அவசரத்துக்குச் சாவி கிடைக்காது.